மாப்பிள்ளை முறித்த விமானம்

கொடைக்கானலில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. பகல் முழுக்க மெழுகும் அரமும் பல்லுமாகப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கையால் விமானம் செய்வேன்.

இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் பல் டாக்டரம்மா. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் செண்பகனூரில் அவர் வீட்டு மேசை மேல் நீல விரிப்பை விரிப்போம். இருவரும் அவரவர் விண்வெளிச் சண்டை விமானங்களை நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து அளந்து மோதுவோம். அந்த விமானங்கள் டப்பாவில் வெறும் பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் வரும். வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பது நம் பாடு. பனிமூட்டத்தில் ஸ்பிரே அடித்தால் மாவு தூவினது போல வெளுத்துவிடும். அதனால் வெயில் எட்டிப்பார்க்கும் நேரம் பார்த்து மொட்டைமாடிக்கு ஓடுவேன்.

போன மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு சரக்கு விமானத்தோடு இருந்தேன். உள்ளங்கை அளவுதான். முன்பக்கமாக வளைந்த மெல்லிய இறக்கைகள், வயிற்றில் பெயின்டாலேயே துருக்கறை, இன்ஜின் வாயில் சூடேறியது போல நீலம். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் செய்ததில்லை.

மழை விட்டதும் திண்டுக்கல்லிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா வெள்ளனே எழுந்து வீட்டைக் கழுவினாள். "அந்தப் பொம்மையெல்லாம் உள்ள தூக்கி வையிடி," என்றாள். நான் வைக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

காபி கொடுத்து முடித்ததும் மாப்பிள்ளை அலமாரிப் பக்கம் வந்தார். வங்கி வேலை, மென்மையான குரல்.

"நீங்களே செஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"ரொம்ப நாள் ஆகியிருக்குமே?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் கேட்கத் தெரிந்த ஆள் இவர்தான் என்று நினைத்தேன். சரக்கு விமானத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். துருக்கறை மாதிரி பெயின்டைக் கடற்பஞ்சால் ஒற்றிய விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு இறக்கையைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினார். அது வளைந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. சின்னதாக ஒரு சத்தம்.

"கோபம் வருதான்னு பாத்தேன்," என்று சிரித்தார். பிறகு தன் அம்மாவிடம் திரும்பி, "வரலம்மா. பொறுமையான பொண்ணு," என்றார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும்தான்.

"வந்துச்சுங்க," என்றேன். "நல்லாவே வந்துச்சு. நீங்க கெளம்புங்க."

அவர்கள் கிளம்புவதற்குள் அம்மா வாசல் வரை ஓடி ஓடி மன்னிப்புக் கேட்டாள். கார் திரும்பியதும் உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். மடி நிறைய விமானங்களை அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் பாய்லர் அடுப்பில் போட்டாள். நான் தடுத்தேன். பிடித்துத் தள்ளிவிட்டாள். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

"ஒரு பொம்மைக்காகப் பொழப்பக் கெடுத்துக்கிட்டியே," என்று அழுதாள். நானும் அழுதேன். ஆனால் நாங்கள் அழுதது ஒரே விஷயத்துக்கு இல்லை.

பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று அவர்கள் சொன்னது கீழே வத்தலக்குண்டு வரை பரவியது. எனக்கு வரன் வருவது நின்றது. அதே மாப்பிள்ளைக்குச் சித்தி தன் மகளைப் பேசினாள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். சித்தி பாதியிலேயே கையமர்த்தி, "நீ வேணாம்னு விட்டத அவ கட்டிக்கிறான்னு எரியுதா?" என்றாள். சித்தி மகளான அந்தத் தங்கையும் பக்கத்தில்தான் நின்றாள். புடவை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போனாள். நான் அன்று டாக்டர் வீட்டில் அவருடைய விமானங்களில் பாதியை இரவல் வாங்கி விளையாடினேன். தோற்றுப்போனேன்.

தங்கை முன்பெல்லாம் தினமும் எனக்குப் போன் செய்வாள். இப்போது நான் கூப்பிட்டால் அவர்தான் எடுக்கிறார். "அவ சோலியா இருக்கா," என்கிறார், அதே மென்மையான குரலில்.