அலுமாரிப் பாட்டுக்கு மன்னிப்புக் கேட்காதவர்

அப்பாவின் நினைவு மலரில் முன் பக்கங்களிலுள்ள பதிகங்களை ஓதி முடித்து இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பதிகங்கள் கட்டாயம் வேண்டும் என்றார் பெரியப்பா, சேர்த்திருக்கிறோம். அட்டைப் படத்தில் அப்பா பட்டுச் சால்வையும் திருநீறுமாக இருக்க வேண்டும் என்றார், அப்படியே இருக்கிறார். மூன்றாவதாகக் கேட்டதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

“பிள்ளை, பாட்டுக் கதையள் ஒண்டும் எழுதாதை. வளைகுடாவிலை நல்ல உத்தியோகம் பார்த்தவர் எண்டு எழுதினாக் காணும். நாலு பேர் வாசிக்கிற புத்தகம்” என்றார் அவர்.

நாலு பேர் வாசிக்கிற புத்தகம் என்பதால்தான் எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள். அப்பா வெல்டிங் வேலை செய்து சாப்பிட்டார், பாடி வாழ்ந்தார். அவருடைய மகள் அதை மறைத்து எழுதினால் இந்த மலரை அச்சடித்த தாள் வீண்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில், புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில், பெரியப்பாவுக்கு அடுத்த பிள்ளையாக அப்பா பிறந்தார். படிப்பு ஏறவில்லை. தோட்டத்தில் இறைப்பு மிஷின் பழுதானால் திருத்தப் போய், இரும்பிலும் நெருப்பிலும் ஆசை வந்து, பட்டணத்துப் பட்டறையில் வெல்டிங் பழகினார். அம்மாவைக் கைப்பிடித்து, நான் பிறந்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியிலுள்ள தம்மாமுக்குப் போனார்.

அங்கே அவருக்கு மேலே வேலை பார்த்தவர் லீரோய் என்ற அமெரிக்கர். டென்னசி மலைப்பக்கத்துக் கிராமத்தான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தன் ஊர்ப் பாட்டுகளைப் பாடுவாராம். அப்பாவுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்கவில்லை. ஆனால் புகையிலை என்ற சொல் விளங்கியது. அதைப் பற்றிக் கேட்கப் போய்த்தான் பழக்கம் தொடங்கியது.

“அவன்ரை தகப்பனும் புகையிலைத் தோட்டக்காரன்தான், பிள்ளை. மழை பிழைச்சதையும், கழுதை செத்ததையும், பெண்சாதி கோவிச்சுக்கொண்டு போனதையும் மூண்டு சுருதியிலை பாடுறான். எனக்கு எங்கடை தோட்டத்துக்கை நிண்டு கேக்கிற மாதிரி இருந்தது” என்று அப்பா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்று சுருதிகளையும் லீரோய் கற்றுக்கொடுத்தார். வெளியில் பாட்டுக்குத் தடை இருந்த தம்மாமில் மேடை என்ற பேச்சுக்கே இடமில்லை. அறைக்குள் கம்பளியைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் பாடினார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது லீரோய் கிட்டாரையும் அகன்ற விளிம்புத் தொப்பியையும் அப்பாவிடம் விட்டுப் போனார். அந்தத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் கழற்ற மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் துபாய்க்கு மாறி, ஜெபல் அலியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே தொழிலாளர் தங்கும் காம்பில்தான் ‘செம்மண்’ குழு பிறந்தது. கேரளத்து பஸ் டிரைவர் ஜோர்ஜ் மாமா பேஸ் கிட்டார். இராமநாதபுரத்து முத்தையா மாமா டோலக். முன்னால் நின்று பாடுவது அப்பா. குழுவுக்கு ஒரேயொரு சட்டம்: சினிமாப் பாட்டு பாடுவதில்லை. சொந்தப் பாட்டு மட்டும், அதுவும் ஊரும் சைட்டும் ரூமும் பற்றியது.

முதலில் எடுபட்டது இறைப்பு மிஷின் பாட்டு. தோட்டத்தில் தனியாக நிற்கும் மனைவி ஸ்டார்ட் ஆகாத மிஷினைத் திட்டுவாள். திட்டு மெல்ல மெல்ல வெளிநாட்டிலிருக்கும் கணவன் பக்கம் திரும்பும். அதைக் கேட்டுவிட்டு முத்தையா மாமா, “அண்ணே, எங்க ஊருல கெணத்துல தண்ணியே இல்ல. நீங்க மிசினுக்குப் போயி அழுவுறீங்க!” என்றாராம். அந்தக் கேலியும் அடுத்த சரணமாகிவிட்டது. பர் துபாயில் ஒரு கடைக்காரர் பாட்டுகளைக் கசெற்றில் பிரதியெடுத்து விற்றார். அவை மஸ்கட், தோஹா, அப்பா பாட முடியாத தம்மாம் வரை போயின. முகம் தெரியாத ஆட்கள் சைட்டில் அவருடைய பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல உத்தியோகம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அலுமாரிப் பாட்டு வந்தது. கம்பெனியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஓர் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி, திறப்புக் கொத்தையும் தாங்களே வைத்திருந்தார்கள். தாய் செத்த செய்தி வந்த ஒருவருக்குக்கூடப் பாஸ்போர்ட் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அதை அப்பா இப்படிப் பாடினார்:

அலுமாரிக்குள்ளை என்ரை முகம் நித்திரை,
ஆரோ வந்து என்ரை கையாலை வேலை செய்யிறான்.
திறப்பு ஒருத்தரிட்டை, தவிப்பு எல்லாரிட்டை,
தாயே, உன்னைப் பார்க்க முகமில்லாமல் நிக்கிறன்.

பர் துபாயில் தமிழர் ஒன்றுகூடல். ஜெபல் அலி ஆட்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பிரதம விருந்தினராக அதே கம்பெனியின் மனேஜர், அவரும் தமிழர்தான். அப்பா தொப்பியோடு ஏறி அந்தப் பாட்டைப் பாடினார். பின்வரிசைகளில் ஒருவரும் கைதட்டவில்லையாம். எழுந்து நின்றார்களாம். ஜோர்ஜ் மாமா இன்றைக்கும் அதைச் சொன்னால் கண் கலங்குவார்.

மறுநாள் மனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உங்க ஊர்ல சொல்லித்தரலையா?”

“சொல்லித் தந்தவை, ஐயா. எங்கடை சட்டையிலை வெள்ளையாப் படிஞ்சு கிடக்கே, அது ஆரின்ரை உப்பு?”

மனேஜர் கத்தவில்லை. அடுத்த ஒன்றுகூடலில் மேடையேறி, அந்தப் பாட்டு தவறு என்று மைக்கில் சொல்லி, இரண்டு சினிமாப் பாட்டும் பாடிவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்றார். இல்லாவிட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது, விசா ரத்து, ஊருக்கு டிக்கெட்.

அப்போது ஊரில் எங்கள் கல்வீடு சுவர் மட்டத்தில் நின்றது. கூரைக்கு ஓடு போட வேண்டிய நேரம். யுத்தத்தில் நாடு இருந்த நிலையும் உங்களுக்குத் தெரியும். ஒரு மன்னிப்பில் எல்லாம் சரியாகியிருக்கும்.

அப்பா மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். அலுமாரிப் பாட்டையே திரும்பப் பாடினார். மன்னிப்புக் கேட்கச் சொன்ன கதையைப் புதுச் சரணமாகவும் சேர்த்தார். விசா ரத்தானது. கிட்டாரோடு ஊர் வந்து இறங்கினார்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள், ஏனென்றால் உங்களில் பலர் நடத்தியது அது. சுவர் கல், கூரை தென்னோலைக் கிடுகு என்று நின்ற எங்கள் வீட்டுக்குப் ‘பாட்டு வீடு’ என்று பெயர் வைத்தீர்கள். “பெண்சாதி பிள்ளையை நினைச்சானா? வாய்க்கொழுப்பு” என்று கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் பேசினீர்கள். எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. அவர் ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. பட்டறை போட்டு உழைத்தார். இடம்பெயர்ந்தபோது கிட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தங்கிய இடங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் பாடினார். நான் வேலைக்குப் போன பிறகுதான் ஓடு போட்டோம்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அங்கத்தைய தேத்தண்ணியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். “ஐயா, சத்தம் போடாதேங்கோ, பக்கத்துக் கட்டில்காரர் படுக்கவேணும்” என்றார் தாதி. “எனக்கு நித்திரை வேண்டாம் பிள்ளை, அவர் பாடட்டும்” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

காரியங்கள் முடிந்து இந்த மலரைப் பற்றிப் பேச எல்லோரும் கூடியபோது பெரியப்பா மீண்டும் சொன்னார்: “அவன்ரை பிடிவாதத்தாலைதானே நீங்கள் கிடுகுக்கை கிடந்தனீங்கள். அதைப் போய் எழுதுறதோ?”

சுவரோடு சாய்ந்திருந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்து நிமிர்ந்தார்.

“அது அவரின்ரை பிடிவாதமில்லை, அத்தான். என்ரை பிடிவாதம்.”

அம்மா தொடர்ந்து சொன்னார். மனேஜர் கெடு வைத்த கிழமையில் அப்பா துபாயிலிருந்து எங்கள் சந்திக் கடைத் தொலைபேசிக்குக் கோல் எடுத்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

“மன்னிப்புக் கேக்கப்போறன் எண்டுதான் சொன்னவர். ஓடு போடவேணும், பிள்ளை வளருது, கேட்டுப்போட்டு இருப்பம் எண்டவர். நான் கேட்டன், பாட்டிலை சொன்னது பொய்யோ? இல்லையெண்டார். அப்ப என்னத்துக்கு மன்னிப்பு? அப்பிடிக் கேட்டுப்போட்டு வாற மனுசனோடை நான் என்னெண்டு குடும்பம் நடத்திறது? ஓடு கிடக்கட்டும், கிடுகு இருக்குத்தானே, திருப்பிப் பாடிப்போட்டு வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான்.”

“ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“அவர் விடேல்லை. தனக்கு ஏச்சுக் கேட்டுப் பழகிப்போச்சாம், என்னை ஆரும் ஒரு சொல்லுச் சொல்லப்படாதாம். சத்தியம் வாங்கினவர். இனி ஆருக்குப் பயம்? எழுது.”

எழுதிவிட்டேன்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களையும் தாதியரையும், சமையலைக் கையேற்ற அயலவர்களையும், கேரளத்திலிருந்து வந்து பாடை தூக்கிய ஜோர்ஜ் மாமாவையும், தொலைபேசியில் பேச முடியாமல் அழுத முத்தையா மாமாவையும், லீரோய் உயிரோடு இருந்தால் அவரையும் நன்றியோடு நினைக்கிறோம். பாட்டுக் கதை வேண்டாம் என்ற பெரியப்பாவுக்கும் நன்றி. அவர் அப்படிச் சொல்லாவிட்டால் அம்மா வாய் திறந்திருக்க மாட்டார்.

அப்பாவை இனி ஏச முடியாது. அந்தக் கூரை ஓட்டுக்காக இன்னும் யாரையாவது ஏச வேண்டியிருந்தால், அம்மா வீட்டில்தான் இருக்கிறார். வாருங்கள். தேத்தண்ணி தருவார், பதிலும் தருவார்.