வாசல்ல காயவெச்ச போத்தல்

தீபாவளி வந்துட்டா எங்க ஃப்ளாட்டுல முறுக்குக்கு என்கிட்டதான் வருவாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால பேரு, போன் நம்பரு எதுவும் வாங்கறதில்ல. முறுக்கு போட்டு வெக்கற, சிவப்பு மூடி போட்ட காலி போத்தல என் வாசல்ல வெச்சுட்டுப் போயிடணும், அதான் ஆர்டர். ஒருத்தி மூடியில பச்ச ரப்பர் சுத்தியிருப்பா, ஒருத்தி ரிப்பன் கட்டியிருப்பா. மூணாவது மாடி டீச்சர் மட்டும் பேர் எழுதி ஒட்டுவாங்க. எழுத்து இருந்தா அது டீச்சரோடதுன்னு கண்டுபிடிச்சுக்குவேன். வாசல்ல போத்தல் இருந்தா, ஆயா நான் இன்னும் சுடுறேன், இல்லன்னா முடிஞ்சுபோச்சு. கெலுகோர்ல எங்க புளோக் பூரா இது தெரியும்.

என்கூட இருக்கறது சின்ன மக. மூத்தவன் கோலாலம்பூர்ல இருக்கான், பேரப்பிள்ளைங்க போன்ல மூஞ்சியக் காட்டுதுங்க, முக்காவாசி நெத்திதான் தெரியும். சின்னவளுக்குக் கடலுக்கு அந்தாண்ட, பத்து காவான்ங்கற ஊர்ல ஃபேக்டரி வேல. பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. கம்பெனி பஸ்ல கடல் பாலத்து மேல போறா, வர்றா, ரெண்டு தடவையும் தூக்கம். இந்தத் தீவுல பொறந்தவ, கடலப் பாத்தே ரொம்ப நாளாச்சுன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

போன தீபாவளி செவ்வாக்கெழம வந்துச்சு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு விழுந்துச்சு. "ம்மா, பத்து ஃபெரிங்கி கடக்கரைக்குப் போலாம். சும்மா உக்காந்துட்டு வரலாம், வேற ஒண்ணும் வேணாம்"னா. வாயத் தொறந்து ஒண்ணு கேக்கற பிள்ள இல்ல அவ. சரின்னேன். சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள எல்லா முறுக்கையும் சுட்டுக் கொடுத்து முடிச்சுட்டேன்.

முடிச்சாச்சு, கை சும்மா இருக்குமா? பிசுக்குப் புடிச்ச என் சொந்த போத்தலுங்களக் கழுவி, காயட்டும்னு வாசல்ல வரிசையா கவுத்துட்டுப் படுத்தேன். எழுந்து கதவத் தொறந்தா, லிஃப்ட் வரைக்கும் ஊரார் போத்தலு. மேல் மாடிக்காரி இன்னொண்ணக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

"போத்தல் வெளிய இருந்துச்சே ஆயா, இன்னும் எடுக்கறீங்கன்னு சொல்லி எல்லாருக்கும் போன் போட்டேன்."

"அது காயவெச்சது லா!"

"காயவெக்கறத உள்ள வெக்கக்கூடாதா? சரி, எனக்கு ஓமம் கொஞ்சம் தூக்கலா போடுங்க."

பொய் சொல்வானேன், எனக்கு ஒரே குஷி. இத்தன பேருக்கு என் கை முறுக்குதான் வேணுமாம். எல்லாத்தையும் உள்ள இழுத்து வெச்சு, தேங்காப்பால் ஊத்தி மாவப் பிசைஞ்சு, எண்ணெச் சட்டிய ஏத்திட்டேன். ஞாயித்துக்கெழம பூரா சுட்டா முடிஞ்சிரும்னு மனசு சொல்லுது. கடல் எங்க ஓடிப்போவுது?

பொழுது சாய மக வந்தா. போத்தலப் பாத்தா, சட்டியப் பாத்தா.

"அப்ப நாளைக்கு இல்லையாம்மா?"

அவ்ளோதான். கோவம்கூட இல்ல. குளிச்சுட்டு வந்து, அச்சுல மாவ அடைச்சுப் புழிய ஆரம்பிச்சுட்டா. நின்னுக்கிட்டே. ஒரு கால் மாத்தி ஒரு கால் தூக்கித் தூக்கி நிக்கிறா. பக்கத்துலயே நாற்காலி கெடக்கு, அது அவ கண்ணுக்குத் தெரியல.

அடுப்ப அணைச்சேன்.

"ஏம்மா?"

"போயி படு. நாளைக்குக் கடலுக்குப் போறோம்."

"இவ்ளோ போத்தலு?"

"திருப்பிக் கொடுத்தா போச்சு."

ஆனா அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் கொடுக்கற பழக்கம் நமக்கில்லையே. ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி சீனி போட்டு மூடி, வீடு வீடா ஏறி எறங்கினேன். டீச்சர் ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டாங்க. மேல் மாடிக்காரி போத்தல ஆட்டி ஆட்டிப் பாத்தா.

"என்ன ஆயா, முறுக்கு கேட்டா சீனி தர்றீங்க?"

"எனக்கு லீவு."

"உங்களுக்கு என்னா லீவு? வீட்டுலதானே இருக்கீங்க!"

"அதான் வெளிய போறேன்."

"பசார்ல விக்கிற முறுக்கு கல்லு மாதிரி இருக்கும். தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு வீட்டுக்குச் சாப்பிட வர்றவங்களுக்குப் பல்லு போயிரும்!"

"போவட்டும். அடுத்த வருசம் உனக்குக் கூட்டம் கொறையும்."

உள்ள அவ புருசன் சிரிச்சது கேட்டுச்சு. அவ கதவ டமார்னு சாத்தினா. தீபாவளி அன்னிக்கு எப்படியும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவா, அது எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கெழம ரெண்டு பஸ் மாறிப் போனோம். மரத்தடியில பாய விரிச்சேன். மக செருப்பக்கூட முழுசாக் கழட்டல, அப்படியே சாஞ்சவதான், வாயத் தொறந்துக்கிட்டு ஒரே தூக்கம். நான் சேலயத் தூக்கிச் சொருவிக்கிட்டு தண்ணியில நின்னேன். படகு இழுக்க, பாராசூட்டுல ஒரு வெள்ளக்காரன் கத்திக்கிட்டே மேல போனான், அதப் பாத்தேன். வந்து உக்காந்தேன். மறுபடி போய் நின்னேன்.

மேகம் கறுத்தப்புறம் எழுப்பினேன். "அடியே, கடலப் பாக்கணும்னியே, பாரு."

ஒரு கண்ண மட்டும் தொறந்து பாத்தா. "ம், நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

மழ வர இன்னும் நேரமிருக்குன்னு நாசி லெமா சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சேன். என் பங்கத் தின்னேன். அவ எழுந்திரிக்கற மாதிரி தெரியல, அவ பங்கையும் தின்னேன்.