ரக்னிக்கு அப்பா சொன்ன இடம்

ரக்னிக்குக் கைராசி இல்லை என்று எங்கள் ஃபியோர்டின் இரண்டு கரைகளிலும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று தெரிந்தும் சொன்னவன், அவள் தம்பியை விட்டால், நான் ஒருவன்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

என் பெயர் சீவெர்ட். இங்கே மலைகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி நீண்டு உள்ளே வருகிறது, அதைத்தான் ஃபியோர்டு என்கிறோம். ஆட்களையும் தபாலையும் பால் கேன்களையும் கரைக்குக் கரை ஏற்றி இறக்கும் படகை நாற்பது வருடம் ஓட்டினேன். யார் எங்கே தூண்டில் போடுகிறார்கள் என்பது என் கண்ணில் படாமல் போகாது.

ரக்னியின் அப்பா மோன்ஸ், சிவப்பு மீன் பிடிப்பதில் மன்னன். ஊரே வெறும் கையோடு திரும்பும் குளிர்காலத்திலும் அவர் படகு தாழ்ந்துதான் வரும். அவருக்கென்று கடலில் ஓர் இடம் இருந்தது. தண்ணீரில் கொடி நட முடியாது அல்லவா, அதனால் கரையில் அடையாளம் பார்ப்போம். ஒரு பக்கம் இரண்டு பொருள்கள் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே கயிற்றை இறக்க வேண்டும். அந்த அடையாளத்தை எழுதி வைக்க மாட்டார்கள். சாகும்போது ஒருவர் காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்தவன் இடத்தை நாங்கள் உற்றுப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

மோன்ஸ் ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். மகன் ஐவின்ட் பெர்கன் பட்டணத்தில் துறைமுக அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தான். அள்ளிப் போட்டதும் துடைத்து விட்டதும் ரக்னிதான். படகு கட்டும் தச்சன் ஒருவன் பெண் கேட்டு வந்தான், நல்லவன். "அப்பாவ யாரு பாக்கறது" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கடைசி வாரத்தில் மோன்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று அடையாளத்தைச் சொன்னார். அடக்கம் முடிந்த மறுநாள் என் படகில் ஏறியவள், "அப்பா எங்கிட்டதான் குடுத்தார், சீவெர்ட். ஆம்பளப் புள்ள இருக்கறப்ப எங்கிட்ட" என்றாள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பரிசு அது ஒன்றுதான்.

அன்று முதல் தினமும் ஒரே இடத்தில் அவள் துடுப்புப் படகைப் பார்த்தேன். கிடைத்ததோ குழம்புக்கு இரண்டு மீன். இரையை மாற்றினாள், கயிற்றை மாற்றினாள். இடத்தை மட்டும் ஒரு துடுப்பு நீளம்கூட மாற்றவில்லை. அப்பா சொன்ன இடம் தப்பாகுமா? தன் கைதான் சரியில்லை என்று நம்பினாள். படகுத் துறையில் ஆண்கள், "ரக்னி, மீன் உன்னப் பாத்து சிரிக்குதா, அழுவுதா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஜூலை மாதம் ஐவின்ட் விடுமுறைக்கு வருவான். ஞாயிறு காலை ரக்னி சர்ச்சில் பாடிக்கொண்டிருக்கும்போது கடலுக்குப் போவான். கூடை நிறைய சிவப்பு மீனோடு வந்து அக்காவுக்கும் நாலு கொடுப்பான். "எங்கிட்ட அப்பா என்ன சொன்னார்? சும்மா போட்டேன், விழுந்துது. உனக்குப் பொறுமை பத்தாதுக்கா" என்பான்.

அவன் படகு நின்றது அவள் இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில். முதல் கோடையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணம் கட்டிப் போகிறவள் இன்னொரு குடும்பத்துக்கு இடத்தைக் கொண்டுபோய்விடுவாள் என்று பயந்து, கிழவர் மகளுக்கு அடையாளத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார். தனக்காகத்தான் அவள் கட்டிப் போகவில்லை என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். வாரம் ஒருமுறை அவள் மேஜையில் காபி குடித்துக்கொண்டே மூடிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் கோடையில், எதிர்க்கரைக் கடைக்குப் போய்விட்டு ரக்னியும் ஐவின்டின் மனைவி பெரித்தும் என் படகில் திரும்பினார்கள். பெரித் பட்டணத்துக்காரி, எங்கள் வழக்கம் தெரியாதவள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப்பாறையைத் தாண்டியதும் கையை நீட்டினாள்.

"இதானே அண்ணி மாமா சொன்ன இடம்? சர்ச் கோபுரம் மலப் பிளவுக்குக் கீழ, அருவி முழுசா தெரியணும்."

"முழுசா இல்ல பெரித். அருவி பாறைக்குப் பின்னால மறையணும்."

"இல்லியே. மாமா சாகறதுக்கு முன்னால அவர வரவழச்சு சொன்னாராமே, முழுசா தெரியணும்னு."

ரக்னி அருவியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சுக்கான் பிடித்திருந்த என்னிடம் வந்தாள்.

"தெனம் இந்த வழியாதானே போற, சீவெர்ட். அவன் எங்க நிப்பான்னு பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்து."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கடைப் பையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அருவி முழுதாகத் தெரியும் இடத்தில் அவள் படகு நின்றது. மதியம் துறைக்கு வந்தபோது பலகை தெரியாதபடி மீன். என் படகும் அப்போது துறையில்தான் கட்டியிருந்தது. துறையில் நின்றவர்களுக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு மீனாகக் கொடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மீனோடும் சத்தமாகச் சொன்னாள்: "சர்ச் கோபுரம் பிளவுக்குக் கீழ. அருவி முழுசா தெரியணும்." எங்கள் ஃபியோர்டில் எவரும் செய்யாத காரியம் அது. வாங்கியவர்கள் மீனைப் பார்த்தார்களே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐவின்ட் ஓடி வந்தான். "வாய மூடுக்கா. அது நம்ம வீட்டு சொத்து."

"எந்த வீடு? அந்த வீட்ல நான் யாரு?"

அவள் அவன் கையிலும் ஒரு மீனைத் திணித்து, அடையாளத்தைச் சொன்னாள். எல்லோருக்கும் கொடுத்தாள், பாதிரியார் வீட்டுச் சமையல்காரிக்கும். நானும் வரிசையில் நின்று கையை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு, சீவெர்ட்? உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அதன் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்தாள். எதிர்க்கரைக்கு மழையிலும் பனியிலும் தானே துடுப்புப் போட்டுப் போனாள். என் படகில் ஏறவில்லை.