எங்கள் வீட்டு மொரோக்கோ அத்தான்

அந்த வருடம் தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் ஓடிப்போய் எடுப்பதில்லை. வன்னியிலிருந்து நல்ல செய்தி எதுவும் வராது என்று தெரிந்துபோன 2009. அன்று நான் லண்டனில், அப்டன் பார்க் கடையில் மரக்கறிப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்ததும் ஊரில் இன்னும் யாரோ என்றுதான் நினைத்தேன். எடுத்தால், செவன் கிங்ஸிலிருந்து அக்கா. "தம்பி, அத்தான் ஸ்விம்மிங் பூலில விழுந்திட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம். வா" என்றாள். தண்ணீருக்குள் விழுந்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டதால் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவரைத் தண்ணீர் என்ன செய்யும்? அவர் விழுந்தது தண்ணீருக்குள் அல்ல, கரையில், ஓடு பதித்த தரையில். மாரடைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த உங்களில் பலர் என்னை ஒரு பக்கமாக இழுத்துக் கேட்டீர்கள்: "உண்மையில அவர் என்ன வேலை செய்தவர்?" அப்போது பதில் சொல்லத் தெம்பிருக்கவில்லை. இப்போதும் பெரிதாக இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். என் அக்கா றெஜினாவின் கணவர் இத்ரிஸ், மொரோக்கோவின் தொழில்முறை அலைச்சறுக்கு வீரர். நாங்களோ மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். இதை ஒரே மூச்சில் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவருடைய ஊர் அத்திலாந்திக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். வெள்ளைக்காரப் பயணி ஒருவர் முறிந்துபோன சறுக்குப் பலகையொன்றை வீசிவிட்டுப் போக, அதை ஒட்டிச் சரிசெய்துகொண்டுதான் தொடங்கினாராம். பிறகு பலகைக் கம்பனி ஒன்று ஸ்பொன்சர் செய்தது. பிரான்ஸ், போர்த்துக்கல் என்று போட்டிகளுக்குப் போனார். கால் இறுதி வரை வந்திருக்கிறார், கிண்ணம் எதுவும் தூக்கியதில்லை. அதை மறைத்ததும் இல்லை. பாதிப் போட்டிகளுக்கு விசா பிந்தி வந்தது. ஒரு தடவை தூதரகத்தில் இருந்தவர், "இதெல்லாம் ஒரு தொழிலா, நான் எப்படி நம்புவது?" என்று கேட்டாராம். அத்தான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறி, முழங்காலை மடித்து, கையை விரித்து நின்று காட்டினார். வரிசையில் நின்ற சனம் கைதட்டியது. அந்த முறை விசா கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதிரையில் ஏறவில்லையே தவிர, நாங்களும் எத்தனை கந்தோர்களில் எதையெதையோ செய்து காட்டியவர்கள்தானே.

பிரான்சில் ஒரு போட்டியில் முழங்கால் சில்லு போனது. சத்திர சிகிச்சைக்குக் கிடந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும் வேலை அக்காவுக்கு. அப்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். யன்னலுக்கு வெளியே கடல் தெரியும் கட்டில் அவருக்கு. சாப்பிடாமல் கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவரை அக்கா நல்ல தமிழில் ஏசியிருக்கிறாள். அதுதான் தொடக்கம் என்று இருவரும் சொல்வார்கள். என்ன ஏசினாள் என்பதை மட்டும் இருவரும் கடைசிவரை சொல்லவில்லை.

கலியாணக் கதை வீட்டுக்கு வந்தபோது அப்பா சமயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தொழில்தான் பிரச்சினை. மன்னாரில் வள்ளமும் வலையும் வைத்துப் பிழைத்த மனிதர்.

"கடல்ல என்ன பிடிக்கிறவர்?"

"ஒண்டும் பிடிக்கிறேல்லை அப்பா. அலையில ஏறி நிண்டு வாறவர்" என்றாள் அக்கா.

"வெறுங்கையோடயோ கரைக்கு வாறவர்?"

"ஓம்."

"வெறுங்கையோட வாற விசரனுக்கோ பிள்ளை என்ர மகளைக் குடுக்கச் சொல்லுறாய்?" என்றார் அப்பா. ஆனாலும் கொடுத்தார். அக்காவோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பிறகு எல்லோருமாக லண்டனுக்கு வந்தோம். ஸ்பொன்சர் செய்தவர்கள் கைவிட்டார்கள், முழங்காலும் திரும்ப வரவில்லை. அத்தானுக்கு நீச்சல் தடாகம் ஒன்றில் காவலர் வேலை கிடைத்தது. உலகத்தின் பெரிய கடல்களில் நின்ற மனிதர், குளோரின் தண்ணீர் ஓரத்தில் விசில் கட்டிக்கொண்டு, "ஓடாதை, வழுக்கும்" என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டால் சிரிப்பார். "மச்சான், என்ர படமெல்லாம் அலையில நிக்கிற படம். ஆனா நான் கூடுதலா குந்திக்கொண்டுதான் இருந்தனான். பலகையில குந்திக்கொண்டு, அலை வருமோ எண்டு பாத்துக்கொண்டு. இஞ்சையும் அதே வேலைதான்" என்பார். மன்னார்த் தமிழ் அவருக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. ஷிப்ட் முடிந்து வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். அது குளோரின்தான் என்று அக்கா சொல்லுவாள்.

லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரு மடத்தனம் செய்தோம். பாவம், மனிதர் கடல் காணாமல் வாடுகிறாரே என்று, புட்டும் இறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு, இரண்டு காரில் சவுத்எண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். லண்டன் தமிழருக்குக் கடல் என்றால் அதுதானே. நாங்கள் போனது வற்று நேரம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு. வள்ளங்கள் சரிந்து கிடந்தன. அத்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். அப்பாவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "மாமா, கடல் எங்கையோ வெளிக்கிட்டுப் போட்டுது. வரட்டும், நாங்கள் சாப்பிடுவம்" என்றார் அத்தான். அன்றைக்குத்தான் அப்பா முதன்முதலாக அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் தன் கையால் கறி போட்டார்.

பிறகு அப்பா விழுந்தார். முதலில் கால், பிறகு நினைவு. அவரைத் தூக்கி, குளியலறைக் கதிரையில் இருத்தி, முழுகவார்க்கும் வேலையை யாரும் அத்தானிடம் கொடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஷிப்டில் அலைந்துகொண்டிருந்தோம், அவர் எடுத்துக்கொண்டார். அப்பா மற்றவர்களுக்கு அடிப்பார், கடிப்பார். அத்தான் தண்ணீரோடு போனால் பேசாமல் கையை உயர்த்துவார். "பழக்கமில்லாத தண்ணிக்குத் திடீரெண்டு இறக்கக்கூடாது மச்சான், முதல்ல காலுக்கு ஊத்து" என்று எனக்கொருநாள் சொன்னார். பிள்ளை இல்லாத மனிதர். பிள்ளைக்குச் செய்வதை எல்லாம் அப்பாவுக்குச் செய்தார் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

சரி, செத்தவீட்டுக்கு வருகிறேன். அங்கே நடந்த இழுபறியில் நீங்களும் பேசினீர்கள். எங்கே அடக்குவது? முஸ்லிம் மயானத்தில் அவருக்கு இடம் இருந்தது, அக்காவுக்கு அங்கே இடமில்லை. எங்கள் சேமக்காலையில் அக்காவுக்கு இடம் உண்டு, அவருக்கு இல்லை. ஒரே ஊரிலாவது இருப்போம் என்பதுதான் அக்காவின் முதல் எண்ணம். அதற்குள் மொரோக்கோவிலிருந்து அவருடைய தம்பி பேசினார். தாய் உயிரோடு இருக்கிறார், அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். இங்கே வைத்தால் நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம் என்றார் ஒருவர். பெட்டி அனுப்புவதென்றால் அலைச்சல் என்றார் இன்னொருவர். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆளுக்கொரு நியாயம். எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும் போலிருந்தது.

அக்காதான் வாயைத் திறந்தாள். "இஞ்ச வைச்சா நான் பஸ் எடுத்துப் போய்ப் பாக்கலாம். எனக்கு அதுதான் விருப்பம். ஆனா போன மாரிக்கு அவரை ஊரில கூப்பிட்டவை. இளம் பெடியளின்ர போட்டி, நீ வந்து நடுவரா இரு எண்டு. போட்டு வரட்டோ எண்டு என்னைக் கேட்டார். அப்பாவை ஆர் தூக்கிறது எண்டு நான் கேட்டன். அதுக்குப் பிறகு அவர் அந்தக் கதையே எடுக்கேல்லை." மூக்கைத் துடைத்தாள். "அனுப்புவம். நான் இஞ்ச தனியக் கிடப்பன், அது பரவாயில்லை."

அவளாலும் போக முடியவில்லை. அப்பாவை விட்டுவிட்டுப் போக ஏலாது. பெட்டியோடு நான் போனேன்.

அங்கே மயானம் ஒரு மேட்டில், கடலுக்கு மேலே இருக்கிறது. அடக்கம் நடந்தபோது இளம் பெடியன்கள் கூட்டமாக வந்தார்கள். தலை ஈரம் காயாமல், கழுத்தில் உப்போடு, கடலிலிருந்து நேரே ஏறி வந்திருந்தார்கள். அவர்களில் பலர் அவரைக் கண்டதே இல்லை. இந்தக் கரையிலிருந்து முதலில் வெளியே போனவர் என்று மட்டும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அத்தானின் தாய், சின்ன உருவம், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். தம்பி அதைப் பிரெஞ்சில் சொன்னார்: "அங்கே வயிறாரச் சாப்பிட்டானா?" சாப்பிட்டார் என்றேன். என்ன சாப்பாடு என்று கேட்டார். புட்டு என்றேன். அது என்னவென்று விளக்க என்னிடம் அவ்வளவு பிரெஞ்சும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனாலும் அவர் தலையாட்டினார். அங்கேதான் நான் அழுதேன்.

திரும்பி வந்த அன்று அக்கா ஒன்றைத்தான் கேட்டாள். "கடல் சத்தம் கேக்குமோ?" கேட்கும் என்றேன். "காணும், அது போதும்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அத்தானின் பலகை எதுவும் என்னிடம் இல்லை. கிண்ணம் இருந்ததே இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அப்பாவை முழுகவார்க்கும் வேலைதான். கடையால் வந்து, களைப்போடு அதைச் செய்கிறேன். முதலில் காலுக்குத்தான் ஊற்றுகிறேன். போன கிழமை அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ ஆர்? மருமோன் எங்க?"

எத்தனை தடவைதான் செத்துப்போனார் என்று சொல்வது. "கடலுக்குப் போட்டார் அப்பா" என்றேன்.

"தனியவோ?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தனிய ஏன் விட்டனீங்கள்? கடலுக்கு ஒரு ஆளைத் தனிய விடுறதோ?"

கதவடியில் துவாயோடு அக்கா நின்றாள். என் பதிலுக்கு அவளும் காத்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"தனிய இல்லை அப்பா. அங்க கனபேர் நிக்கினம். எல்லாம் அவற்ர ஊர்ப் பெடியள்."

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சரி" என்று கையை உயர்த்தினார்.