பனிக்குழாயைப் பிடித்த கை

சுருளிவேல் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் முக்கால்வாசி. தராசு பிடிக்கத் தெரியும், கையெழுத்து என்று ஒன்றைக் கோணலாகப் போடத் தெரியும். மற்றதெல்லாம் அவருடைய வலது கைக்குத்தான் தெரியும். வைக்கோல் திணித்துத் தைத்த மாங்காய்க் கூடையின் ஓரத்தை விலக்கி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இது வெள்ளிக்கிழமை பழுக்கும். அடியில கிடக்குறது நாளைக்கே பழுக்கும், மொதல்ல அத வித்துருங்க" என்பார். சொன்ன நாளில் பழுத்திருக்கும். தேனிக் கடைவீதியில் எழுதப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தார்கள். அப்படிப்பட்ட கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைச்சுருளி என்று சொன்னால்தான் கம்பம் வரைக்கும் ஆளைத் தெரியும்.

உத்தமபாளையத்தில் கூலிக்குக் கூடை தைத்துக் கிடந்தவர். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. குமுளி ஏற்றத்தில் கழுதை மேல் மாங்காய் ஏற்றிப்போய், மலையாளத்துக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே விலை பேசி, முப்பத்தைந்து வயதில் தேனியில் சொந்தமாகச் சரக்குப் பிடித்தார். அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்றவர்களுக்கு இது விளங்காது.

1937ஆம் வருஷம் வைகாசியில் அவருக்குப் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் காதர்மீரா ராவுத்தர். உத்தமபாளையத்தில் பிறந்து, பினாங்கில் ஐஸ் கிடங்கு நடத்திக்கொண்டிருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் கப்பலில், வெள்ளைக்காரப் பிரயாணிகளின் இறைச்சிக்காக ஒரு குளிர் அறை உண்டு. அதில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அறுபது கூடை காசாலட்டு ரக மாங்காயோடு நீயே வா என்று எழுதியிருந்தார். நூற்றுக்குப் பத்து கெட்டால் பொறுத்துக்கொள்வார். அதற்கு மேல் கெட்டால், அந்த மூலை வேறு ஊர்க்காரனுக்குப் போய்விடும்.

கடிதத்தைப் படித்துச் சொன்னவர் கமிஷன் மண்டி பலவேசம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தேனியில் நிலைத்த குடும்பம்.

"சந்து விட்டு அடிச்ச மரப்பெட்டியில அனுப்பவும், வைக்கோல் போட வேண்டாம்னு எழுதியிருக்காரு வே."

"வைக்கோல் இல்லாமலா? குளுரு அடிக்கிற எடத்துக்குப் பச்சப்புள்ளயப் போத்தாம அனுப்புவாகளா, அண்ணாச்சி?"

"ராவுத்தர் ஐஸ் கிடங்கே வச்சிருக்காரு. அவருக்குத் தெரியாதா?"

"அவருக்கு ஐஸு தெரியும். எனக்கு மாங்கா தெரியும்."

"அழுகிப்போச்சுன்னா?"

ஆள் கூடிவிட்டது. சுருளிவேல் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "பத்துக்கு மேல கெட்டுச்சுன்னா, இந்தக் கை இனி எவன் கூடைக்குள்ளயும் போகாது. வீரபாண்டி ஆத்தா மேல சத்தியம்."

"அந்தச் சத்தியத்தயும் வைக்கோல் போட்டுத் தச்சு வையும் வே. கெடாம இருக்கும்."

சிரித்தவர்களில் சுருளிவேலும் ஒருவர். வீட்டில் அவருடைய மனைவி மாயக்காள் கோணி ஊசியைப் பிடித்தபடி, "வைக்கோல் வேணாம்னு கடுதாசியில சொல்லியிருக்காகளாம்ல?" என்று கேட்டாள். "நீ தை" என்றார். தைத்தாள். அறுபது கூடையும், எறும்பு நுழைய இடமில்லாமல்.

தேனியில் ரயில் ஏறி, மதுரையில் மாறி, நாகப்பட்டினத்தில் தோணியில் போட்டுக் கூடைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோனார். குளிர் அறை கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. கோயில் கதவு போல கனத்த கதவு. உள்ளே சுவரெல்லாம் குழாய்; குழாய் மேல் உப்புப் பூத்தது போல பனி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டிறைச்சி விறகுக்கட்டை மாதிரி தொங்கியது. இந்தப் பக்கம் மாங்காய். சாவி வைத்திருந்தவன் வர்க்கி என்ற ஆலப்புழைக்காரன். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் கதவைத் திறந்து, சுவரில் தொங்கிய, குளிரை அளக்கும் பாதரசக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவான்.

முதல் இரண்டு நாளும் சுருளிவேல் கூடையின் மேல்சாக்கைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. திருப்தியாகப் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில், பழக்கதோஷத்தில், ஒரு கூடையின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார்.

விட்ட கையை வெடுக்கென்று எடுத்தார்.

"எந்தா சேட்டா? பாம்போ?" என்றான் வர்க்கி.

"சுடுதுப்பா. எருக்குழி மாதிரி சுடுது."

மாங்காய் மூச்சு விடும் பண்டம். அது விடும் சூடு வைக்கோலுக்குள் அடைந்துகொண்டது. வெளியே இருந்த குளிர் வைக்கோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. குளிர் தாக்கக் கூடாது என்று போர்த்தியவர், குளிருக்கே வழியை அடைத்துவிட்டார். ராவுத்தர் எழுதியதன் அர்த்தம் நடுக்கடலில் விளங்கியது. இன்னொரு கூடையைப் பிரித்தார், அதுவும் அப்படியே. பினாங்குக்கு இன்னும் மூன்று நாள். ஒரே நாளில் எல்லாம் பழுத்து, மறுநாள் எல்லாம் கூழாகும் என்று கை சொல்லியது. அந்தக் கை பொய் சொல்லாது.

"வைக்கோல் அம்புட்டையும் உருவணும். தொறந்து விடு" என்றார்.

"கதகு தொறந்து வைக்கான் பற்றில்லா. தணுப்பு போகும், எறச்சி போகும், என்டெ ஜோலியும் போகும்" என்றான் வர்க்கி. தணுப்பு என்றால் குளிர் என்பது சுருளிவேலுக்குத் தெரியும்.

"அப்பச் சரி. என்னய உள்ள வச்சுப் பூட்டு."

வர்க்கி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் திறப்பது என்று பேச்சு.

உள்ளே ஒற்றை விளக்கு. சுருளிவேல் ஒவ்வொரு கூடையாகப் பிரித்து, வைக்கோலை உருவிக் கோணியில் திணித்து, காற்றுப் போகும்படி காயைத் தளர்வாக அடுக்கினார். கதவு திறக்கும்போது கோணிகளை இழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, மறுபடி உள்ளே போனார். மாலைக்குள் வைக்கோல் எல்லாம் கடலுக்குப் போய்விட்டது. ஆனாலும் பாதரசம் இறங்கவில்லை.

வர்க்கி குழாயைக் காட்டினான். கூடைகளிலிருந்து கிளம்பிய ஈரம் அதில் படிந்து உறைந்து, பனி நாலு விரற்கடை தடித்திருந்தது. "இது போகாதெ தணுப்பு வரில்லா. சொரண்டணும், சேட்டா." ஒரு மரக்கரண்டியும் ஒரு ஜோடி கையுறையும் கொடுத்தான்.

கரண்டி முன்பக்கம் சுரண்டியது. குழாய்க்கும் சுவருக்கும் இடையில் நுழையவில்லை. கையுறை போட்டால் எது பனி, எது குழாய் என்று தெரியவில்லை. சுருளிவேல் கையுறையைக் கழற்றி எறிந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் எவன் பனிக்குழாயைப் பார்த்திருக்கிறான்? மாங்கூடைக்குள் விடுவது போல விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பெயர்த்தார். முதலில் எரிந்தது. பிறகு குத்தியது. பிறகு ஒன்றும் இல்லை. வலி நின்றது நல்லதென்று நினைத்து இன்னும் வேகமாகச் சுரண்டினார். மறுநாளும் சுரண்டினார். அன்று மாலையில் வர்க்கி பாதரசத்தைப் பார்த்து, "எறங்கி" என்றான். பிறகு அவர் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மூன்று விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

பினாங்கில் ராவுத்தர் கூடைகளைக் கொட்டிப் பார்த்தார். அறுபதில் ஐந்துதான் கழிவு. ஆறு வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அடுத்த கப்பலுக்கு நாப்பது. பெட்டி, சுருளி. கூடை இல்ல."

"பெட்டிதான் மொதலாளி."

ராவுத்தர் மருத்துவரிடம் கூட்டிப்போனார். தோல் கறுத்து உரிந்து, புதுத்தோல் வந்தது. மூன்று விரலும் மடங்கின, நீண்டன. தீயைத் தொட்டாலும் தண்ணீரைத் தொட்டாலும் அவற்றுக்கு ஒன்றாக இருந்தது. இதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

தேனியில் இறங்கியதும் கடைவீதியில் மாலை போட்டார்கள். பலவேசம் தன் மண்டியிலிருந்து ஒரு கூடையைத் தூக்கி வரச்சொல்லி முன்னால் வைத்தார். "சத்தியத்துல ஜெயிச்சிட்டீரு வே. போடும் கைய. இது என்னைக்குப் பழுக்கும்?"

சுருளிவேல் கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரைக்கும் கையை விட்டார். ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தார். ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சரக்கில் பொய் சொல்லிப் பிழைத்தவரில்லை அவர். கையை வெளியே எடுத்தார்.

"மாயக்கா, இங்கன வா. நீ பாரு."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மாயக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இருபது வருஷம் கூடை தைத்த கை உள்ளே போனது. "மேல கிடக்குறது நாளான்னைக்கு. அடியில ஒண்ணு அழுகியிருக்கு, எடுத்துப் போடுங்க."

எடுத்தார்கள். அழுகித்தான் இருந்தது.

"உம்ம கைக்கு என்ன வே ஆச்சு?" என்றார் பலவேசம், குரலை இறக்கி.

"அது பினாங்குக்குப் போயி இன்னும் திரும்பல, அண்ணாச்சி."

அடுத்த கப்பலுக்குச் சந்து விட்ட மரப்பெட்டி நாற்பது போயிற்று. ஒரு துரும்பு வைக்கோல் இல்லை. உலகச் சண்டை வந்து கப்பல் நிற்கும் வரைக்கும் பருவம் தவறாமல் அந்த மூலை தேனிச் சரக்குக்குத்தான். காயைத் தொட்டுப் பொறுக்கியது மாயக்காள். பெட்டிக்கு ஆணி அடித்தது சுருளிவேல். சில நாள் சுத்தியல் விரலில் விழும். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பார். மாயக்காள்தான் சத்தம் போடுவாள்:

"ரத்தம் வருது, பாருங்க. பெட்டியில பட்டுறப் போகுது."