விரல் காட்டி வாங்கும் விடுமுறை

மற்றவர்களின் லீவைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது. கேரளத்தில், கழக்கூட்டத்து ஐ.டி. கட்டடங்களுக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதும், லீவுக்குக் கையெழுத்துப் போடுவதும் என் பாடு. வலியசாலை வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

போன பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டு, கேரளத்துக்கு அதற்கடுத்த வெள்ளி. கம்பெனி கேரளத்து நாளுக்கு மட்டும் சம்பளத்தோடு விடுமுறை என்று சர்க்குலர் ஒட்டியது. மறுநாள் மை வைத்த விரலை என்னிடம் காட்ட வேண்டும். காட்டாதவருக்குச் சம்பளம் கிடையாது. ஓட்டுப் போடத்தான் லீவு, படுத்துத் தூங்க இல்லை என்பார் மேனேஜர். அவர் விரலில் நான் மையைப் பார்த்ததேயில்லை.

தமிழ்நாட்டு ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் துப்புரவு ஆட்களில் ஓர் அக்கா என் மேஜைக்கு வந்தார். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஊர். இங்கே நாலு பெண்களோடு ஓர் அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவார்.

"சாரே, வெள்ளிக்கிழம எனக்கு லீவு வேணும். எனக்க மவளுக்கு இது மொத வோட்டு. ரெண்டு பேரும் சேந்து போவணும்னு ஒத்தக்கால்ல நிக்கியா."

"நமக்கு அடுத்த வெள்ளிதானே அக்கா லீவு?"

"அன்னைக்கு எனக்கு வோட்டு இல்லியே சாரே."

அவர் சொன்னது நியாயம். சட்டம் தெரியாது என்று நான் சொன்னால் பச்சைப் பொய். ஓட்டு எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஊர் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. கம்பெனிக்கு வந்திருந்த அரசு அறிவிப்பை நான் முழுக்கப் படித்திருந்தேன். ஆனால் அதை மேனேஜரிடம் கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்த்து, மாற்று ஆள் தேடி... எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ரொம்ப நாளாகவே இல்லை.

"அன்னிக்கு ஆள் கம்மி அக்கா. நாலு மணிக்கே விட்டுடறேன். ஆறு வரைக்கும் ஓட்டுப் போடலாம்" என்றேன். பெரிய மனசு பண்ணுகிற நினைப்பு எனக்கு. அவர் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நாலு அடித்ததும் ஓடினார். கழக்கூட்டத்து நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் பஸ் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதில் நின்று சாகிறவன் நான். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறைத் தோழிதான் சொன்னாள். மகள் காலையிலிருந்து போகாமல் காத்திருந்தாளாம். ஆறு அடிக்கப் போகிற நேரத்தில், இனி நிற்க முடியாது என்று, அழுதுகொண்டே தனியாக உள்ளே போனாளாம்.

அடுத்த வெள்ளி எங்களுக்கு விடுமுறை. நான் பள்ளிக்கூட வரிசையில் அரை மணி நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஆட்கள் வரிசையாக வந்து விரலைக் காட்ட, நான் ஒவ்வொரு பெயருக்கும் குறி போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் முறை வந்தது. கை விரல்கள் வெறுமையாக இருந்தன. பேசாமல் குறி போட்டு அனுப்பிவிடலாம் என்று பேனாவை அவர் பெயர் மேல் வைத்தேன். அதற்குள் அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். திரையில் ஓர் இளம்பெண்ணின் விரல், நகத்தில் மை.

"எனக்க மவளுக்க வெரலு சாரே" என்றார். "நீங்க பாக்கணும்னு கொண்டாந்தேன். எனக்குக் குறி போடாண்டாம்."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.