படுக்கையின் மேல் ஒரு போர்க்களம்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு புரட்டாசி மாதம். திருவேற்காட்டில், இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றில் நான் நாள் முழுக்க இடது பக்கமாகப் படுத்தே கிடந்தேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கி, இரண்டுமே பாதியில் கலைந்துவிட்டன. அதனால் இந்த முறை டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போங்க. குனியவே கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மாவால் கரூரிலிருந்து வர முடியவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. என் கணவர் காலையிலேயே சமைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் எட்டும்படி வைத்துவிட்டு, அம்பத்தூரில் இருக்கும் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். அவசரமென்றால் யாராவது உள்ளே வர வேண்டுமே என்று கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போவார்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. குழந்தைகள் ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தி வீடு கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் பிளாக்ஸ். சின்ன வயதிலிருந்து சேர்த்தது ஒரு பை நிறைய வைத்திருந்தார். அவற்றை வைத்து விரல் உயரத்துக்கு ரோபோக்கள் செய்து, மேஜையில் நிறுத்திச் சண்டை போடும் ஒரு விளையாட்டை இணையத்தில் கண்டுபிடித்து, விதிகளை அச்சடித்து எடுத்து வந்தார். எனக்குப் பொழுது போகட்டும் என்றுதான். ஆனால் சொல்லித் தர அவருக்கு நேரமே அமையவில்லை. பை, தாள்கள், ஒரு டப்பா நிறைய வண்ணப் பகடைகள் எல்லாம் கட்டிலின் ஓரத்தில் கிடந்தன.

மதியங்களில் நான் படுத்தபடியே ஏதாவது பொருத்திப் பார்ப்பேன். மாத்திரை மயக்கத்தில் கண் சொக்கும். கை தளரும். பிளாக்ஸ் தரையில் கொட்டிவிடும். குனிந்து எடுக்க முடியாது. அப்படியே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு நாள் மதியம் கதவு தட்டாமலே திறந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாமா, தெனம் மதியானம் இன்னா கோலி ஆடிகினு கீறியா? கீய மனுசி கண்ணு அசர வேணாமா?"

எங்களுக்கு நேர் கீழ் வீடு. சண்டை போடத்தான் ஏறி வந்திருந்தார். என் வயிற்றைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தரையெங்கும் சிதறிக் கிடந்த வண்ணங்களைப் பார்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி முடித்ததும், "இத்த வெச்சி இன்னா பண்ணுவாங்கோ?" என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது.

நான் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்த அவருடைய குடும்பம் அந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருப்பது. எங்கள் ஃபிளாட்டே அவர்கள் கத்திரிக்காய் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் கட்டியதுதான். அவருடைய கணவர் பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டினார். மகன்கள் இருவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மதியங்களில் அக்காவும் வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

விதிகளை நான் படித்துத் தமிழில் சொன்னேன். ரோபோவில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிறப் பகடை. துப்பாக்கிக்குச் சிவப்பு, கேடயத்துக்கு நீலம், காலுக்குப் பச்சை. எல்லாவற்றையும் ஒரே கையில் குலுக்கிப் போட வேண்டும். அடி விழுந்தால் ஓர் உறுப்பைக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றுவது என்பதை அடி வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம்.

"தாயம் வுயுந்தாத்தான் எறங்கணுமா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, முதல்லயே எல்லாரும் இறங்கிடலாம்."

"அப்ப நல்ல ஆட்டந்தான்."

முதல் ஆட்டத்தை இருவரும் முழுக்கத் தப்பாக ஆடினோம். காலுக்கு ஒரு பகடை இருப்பதையே மறந்து, ஆளுக்கு ஒரு மூலையில் நின்றபடி சுட்டுக்கொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மறுபடி படித்தபோதுதான், களத்தில் இருக்கும் இடங்களைப் பிடிப்பவர்தான் ஜெயிப்பார், சுடுவது அதற்கு உதவி மட்டும்தான் என்று புரிந்தது. பழைய கேரம் போர்டைக் கட்டிலில் போட்டு, மாத்திரைப் பெட்டிகளைக் கட்டடங்களாக நிறுத்தினோம். டானிக் பாட்டில் மூடிகள் பிடிக்க வேண்டிய இடங்கள்.

என் ரோபோவை உயரமாக, அழகாகச் செய்வேன். அது நிற்காது. அக்காவுடையது குட்டையாக, அகலமாக, நான்கு காலோடு, முன்பக்கம் ஒரு ஸ்டீயரிங்கோடு இருக்கும். "ஒன்னோடது சோக்கா கீது. ஆனா காத்தடிச்சா வுயுந்துடும். இது எங்க ஊட்டு வேன் மாரி, எத்தினி பேரு ஏறுனாலும் நிக்கும்" என்பார். அடி விழுந்தால் முதலில் துப்பாக்கியைத்தான் கழற்றி வைப்பார். காலைக் கழற்றவே மாட்டார்.

அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது. மஞ்சள் திரையின் வழியாக வெயில் வரும். மின்விசிறிக் காற்றில் விதித் தாள்கள் மெல்ல எழுந்து அமரும். தலையணையில் கன்னம் பதித்துப் படுத்திருப்பதால் என் கண் அந்த ரோபோக்களின் உயரத்திலேயே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் அவை விரல் உயரம் இல்லை, ஃபிளாட் உயரம். அக்கா பகடையைக் குலுக்கும் சத்தத்திலேயே தூங்கிப்போவேன். கனவில் அவை வானகரம் பக்கம் பைபாஸ் சாலையில், ஒரு லாரியையும் மிதிக்காமல், பார்த்துப் பார்த்து அடி வைத்து நடந்து வரும். எங்கள் ஜன்னலருகே வந்து மண்டியிட்டு, உள்ளே எட்டிப் பார்க்கும். கண் விழித்தால் அக்கா எனக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரளும். இந்த வாரமும் கடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் மாதம். ஒரு நாள் காலையிலிருந்தே விடாத மழை. தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அக்கா தன் முறையை முடித்துவிட்டுப் பகடைகளை என் பக்கம் தள்ளினார். அவற்றை எடுத்துக் கையில் மூடியபோதுதான் எனக்கு அடியில் ஈரம் பரவுவது தெரிந்தது.

சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. பகடைகளை மூடிய கையோடு அப்படியே இருந்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். "ஒண்ணியும் இல்ல கண்ணு. தண்ணிக்கொடம் ஒடஞ்சிகீது, அவ்ளோதான். அசையாம படுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே தன் கணவருக்குப் போன் போட்டார். போனில் அவர் பேசிய குரல் வேறு. "எங்க கீற? ஆளுங்க இருந்தா இருக்கட்டும். வண்டிய நேரா ஊட்டுக்கு வுடு."

வேன் நிறையப் பயணிகளோடு வந்தது. முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் மாடியேறி வந்து, என்னைப் போர்வையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, படி படியாக இறக்கினார்கள். இடம் வேண்டுமென்று மற்றவர்கள் எல்லோரும் மழையில் இறங்கி நின்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து நின்றாள். அவள் முகம் இன்றும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பெயர் தெரியாது.

பின் சீட்டில் அக்காவின் மடியில் தலை. வேனின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பைபாஸின் விளக்குகளும் வண்டிகளும் கரைந்து கரைந்து போயின. அக்கா ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை.

அன்று மாலையே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது. நான் பார்ப்பதற்குள் கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு காட்டினார்கள். நீல வெளிச்சத்தில், குழாய்களுக்கு நடுவே, ஒரு சின்ன மீன்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பச்சிளங்குழந்தைகளை வைத்திருந்த அந்தப் பிரிவுக்கு வெளியே நீளமான ஒரு வராண்டா. சுவரை ஒட்டி இரும்பு நாற்காலிகள். உள்ளே குழந்தையை வைத்துவிட்டு அங்கே காத்திருக்கும் எங்களைப்போன்றவர்கள் ஏழெட்டுப் பேர். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து நிமிர்வோம்.

நான் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். டப்பாவை வெளியே எடுத்தார். அடியிலிருந்து இரண்டு ரோபோக்களையும் பகடைகளையும் எடுத்து, எங்களுக்கு நடுவே இருந்த காலி நாற்காலியில் வைத்தார்.

"அன்னிக்கி ஒன் ஆட்டத்துலதான் நின்னுச்சி. உருட்டு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அக்கா, உள்ள என் குழந்தை உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. நீங்க பொம்மை எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றேன். வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ரோபோக்களை எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் மொதல்ல ஒண்ணு இப்டித்தான் பொறந்துச்சி. எட்டாம் மாசம். பொட்டப்புள்ள. அவரு வண்டிக்குப் பூட்டாரு, மாமியாரு ஊட்டப் பாக்கணும். நான் மட்டும் ஆஸ்பத்திரி வராண்டால குந்திகினு கெடந்தேன். கை சும்மாவே கீது. இன்னா பண்ண சொல்ற? பொடவ முந்தானிய நூலு நூலா பிரிச்சிகினே இருந்தேன். பத்து நாள்ல அது பூட்ச்சி. அப்பறம் ரெண்டு பசங்க பொறந்து வளந்துட்டானுங்கோ. ஆனா அந்த வராண்டாலேந்து நான் இன்னும் எயுந்து வர்ல கண்ணு. நீ தனியா குந்தக் கூடாதுன்னுதான் வந்தேன்."

பிறகு பகடைகளைக் கையில் எடுத்தேன். குலுக்கினேன். என்ன விழுந்தது என்பது நினைவில்லை. இரும்பு நாற்காலியில் அவை விழுந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஆவடிக்காரர், இரட்டைக் குழந்தைகளின் அப்பா, இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எப்படிங்க ஆடறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் கணவர் பையையே கொண்டுவந்துவிட்டார். நாங்கள் ஆரம்பத்தில் செய்த எல்லாத் தப்புகளையும் அவர்களும் செய்தார்கள். அக்காதான் திருத்துவார். "காலு கீதில்ல? நகரு. நின்ன எடத்துலயே சுட்டுகினு இருந்தா இன்னா ஆவும்?" வராண்டாவில் மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்கும். நர்ஸ் எட்டிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போவார்.

எல்லோருக்கும் நல்லபடி முடியவில்லை. கடைசி நாற்காலியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், விளையாட மாட்டாள், ஆனால் வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு ரோபோ செய்து கையில் வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் நடந்து போனாள். ரோபோ நாற்காலியிலேயே இருந்தது. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அக்கா மட்டும் எழுந்து அவள் பின்னாலேயே போனார். ரொம்ப நேரம் கழித்து நான் தேடிப் போனபோது, மாடிப்படியில் அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் பிறந்து சில நாள் கழித்து, இரண்டு துணிகளில் சுற்றி என் மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதே வேனில்தான். இப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு ஓடிப்போய், அங்கே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

அந்த வராண்டா நாட்களுக்கு முன்பெல்லாம், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று அவர்களைப் பார்க்கப் போவதையே தவிர்த்துவிடுவேன். இப்போது தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால், என்ன பேசுவது என்று யோசிக்காமல் கிளம்பிப் போய், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.